துடைப்பம் ஏந்திய ஆசிரியர்

கராத்தே பழகும் கூடத்தை ஜப்பானியர் 'டோஜோ' என்று அழைக்கின்றனர். 'டோ' என்பது வழி. 'ஜோ' என்பது இடம். வழியைக் கற்கும் இடம் என்பது அதன் பொருள். இச்சொல் போர்க்கலைக்கென்று பிறந்த சொல் அன்று. புத்தர் ஞானம் பெற்ற இடத்தை, அதாவது புத்தகயையின் போதிமரத்தடியை, வடமொழியில் 'போதிமண்டம்' என்பர். அதைச் சீனமொழியில் பெயர்த்தபோது அமைந்த இரண்டு எழுத்துகளே ஜப்பானுக்குச் சென்றன. முதலில் அவை பௌத்தர்களின் வழிபாட்டிடத்தைக் குறித்தன; பின்னர் வாளும் மல்லும் பழகும் கூடத்தையும் குறித்தன. பீகாரில் ஒரு மரத்தடியில் தோன்றிய கருத்து, சீனத்தையும் ஜப்பானையும் சுற்றி, இன்று இந்தியப் பள்ளிகளின் விளையாட்டுக் கூடங்களுக்கே திரும்பி வந்திருக்கிறது. அங்கே மாணவர்கள் 'இச்சி, நீ, சான்' என்று ஜப்பானிய மொழியில் எண்ணிக்கொண்டு காற்றைக் குத்துகின்றனர்.

டோஜோவின் முதற்பாடம் காலணியைக் கழற்றுவதில் தொடங்குகிறது. கழற்றிய காலணிகளை இணை பிரியாமல், முனை வெளிப்புறம் நோக்குமாறு வைக்க வேண்டும். வாயிற்படியில் நின்று, ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும், கூடத்தை நோக்கித் தலை வணங்க வேண்டும். தாமதமாக வந்தவர் நேரே சென்று வரிசையில் புகுதல் கூடாது. வாயிலருகே மண்டியிட்டு அமர்ந்து, ஆசிரியர் தலையசைக்கும்வரை காத்திருத்தல் வேண்டும்.

வகுப்புத் தொடங்கும்போது அனைவரும் ஒரே வரிசையில் நிற்பர். முன்புறம் நோக்கி நிற்கையில் மூத்த மாணவர் வலக்கோடியிலும், புதியவர் இடக்கோடியிலும் இருப்பர். அமரும்போது இடமுழங்காலை முதலில் ஊன்றுவர். எழும்போது வலக்காலை முதலில் உயர்த்துவர். வணங்கும்போதும் இடக்கையே முதலில் தரையைத் தொடும். இடுப்பின் இடப்பக்கத்தில் வாள் தொங்கிய காலத்தில், அதை உருவ வேண்டிய வலக்கை இறுதிக் கணம்வரை ஓய்வாக இருக்க வேண்டியிருந்தது. அதிலிருந்து வந்த பழக்கம் என்று இதற்குக் காரணம் கூறுவர். வாள் போய் நெடுங்காலம் ஆயிற்று. வாளுக்குரிய எச்சரிக்கை மட்டும் வணக்கத்திற்குள் எஞ்சி நிற்கிறது.

சிறிது நேரம் கண்மூடி அமர்ந்தபின் மூன்று வணக்கங்கள் நிகழும். முதல் வணக்கம் கூடத்தின் முன்புறத்திற்கு, அடுத்தது ஆசிரியருக்கு, மூன்றாவது, பழகுவோர் ஒருவருக்கொருவர் செலுத்துவது. புதிதாகச் சேர்ந்த சிறுவர்களுக்கு இவையெல்லாம் வீண் சடங்குகளாகவே தோன்றும். திரைப்படத்தில் கண்ட பறக்கும் உதையை எதிர்பார்த்து வந்தவனுக்கு முதல் அரைமணி நேரம் எழுவதிலும் அமர்வதிலும் கழிந்தால் ஏமாற்றம் எழுவது இயல்பே. ஆயினும் இருவர் எதிரெதிரே நின்று பழகத் தொடங்கும்போது, அந்த மூன்றாவது வணக்கத்தின் தேவை விளங்கிவிடும். ஒருவன் முழு வேகத்துடன் எதிரில் நிற்பவனின் முகத்தை நோக்கிக் குத்துகிறான். முகத்தைத் தொடுவதற்கு விரற்கடை தூரம் இருக்கையில் முட்டி நின்றுவிட வேண்டும். நிற்கும் என்னும் நம்பிக்கையில் மற்றவன் கண்ணிமைக்காமல் நிற்கிறான். தன் உடலை மற்றவனுடைய பயிற்சிக்குக் கடனாகத் தருகிறான் அவன். சினத்தோடு ஒரே ஒரு குத்து விழுந்தாலும், அடுத்த நாள் அவன் அவ்வாறு நிற்கமாட்டான். பயிற்சி அத்துடன் முடிந்துவிடும்.

கூடத்தைத் தூய்மை செய்வதற்குத் தனிப் பணியாளர் இல்லை, பழகுவோரே செய்கின்றனர். நனைத்துப் பிழிந்த துணியை மடித்துத் தரையில் வைத்து, இரு உள்ளங்கைகளாலும் அழுத்தி, இடுப்பை உயர்த்தியபடி ஒரு சுவரிலிருந்து மறு சுவர்வரை ஓடுவர். பத்துப் பேர் வரிசையாக ஓடினால் மரத்தளம் முழுவதும் சிறிது நேரத்தில் பளபளக்கும். ஜப்பானியப் பள்ளிகளில் வகுப்பறையைத் துடைப்பதும் மாணவர்களின் அன்றாடக் கடமையாதலால், அவர்களுக்கு இது புதிதன்று. துடைத்து முடிக்கும்போது தொடையும் தோளும் களைத்திருக்கும். வெறுங்காலுடன் பழகும் கலைக்குத் தரையில் கிடக்கும் ஒரு சிறு கல்லும் பகை என்பது ஒருபுறமிருக்க, துடைப்பதே ஒரு பயிற்சிதான் என்று பல ஆசிரியர்கள் கருதுகின்றனர்.

இனிக் கைமுட்டி. நான்கு விரல்களையும் நுனியிலிருந்து இறுகச் சுருட்டி, கட்டைவிரலை முதலிரண்டு விரல்களின் மேல் குறுக்காக மடித்து அழுத்த வேண்டும். சுட்டுவிரல், நடுவிரல் ஆகியவற்றின் கணுக்களே இலக்கைத் தொட வேண்டும். மணிக்கட்டு வளைந்தால் குத்தியவனுக்கே வலிக்கும். ஒரு கை முன்னே செல்லும்போது மற்றொரு கை இடுப்புக்குத் திரும்ப வேண்டும். இழுக்கும் கையே குத்தும் கைக்கு விசை தருகிறது. கேட்பதற்கு எளிது. இதைத் தாமாக உடல் செய்யும்வரை ஆயிரக்கணக்கான முறை காற்றைக் குத்த வேண்டியிருக்கிறது.

இத்தகைய அசைவுகளைக் கோத்து அமைத்த தொடருக்குக் 'கட்டா' என்று பெயர். தொடக்க மாணவர் பயிலும் 'ஹேயான் ஷோடான்' என்னும் கட்டாவில் 21 அசைவுகள் உள்ளன. ஒரு நிமிடத்திற்குள் செய்து முடித்துவிடலாம். வணக்கத்தில் தொடங்கி வணக்கத்தில் முடியும் அக்கட்டாவின் முதல் அசைவு தாக்குதல் அன்று. இடப்புறம் திரும்பி, கீழ்நோக்கி வரும் அடியைத் தடுத்தல். முறையாகச் செய்தால் இறுதி அசைவில் தொடங்கிய இடத்திற்கே வந்து நிற்கலாம். ஓர் அடி தள்ளி நின்றால், இடையில் எங்கோ கால் அளவு பிழைத்துவிட்டது என்று பொருள். ஆசிரியர் வாய் திறவாமலே தரை அப்பிழையைச் சொல்லிவிடும்.

இந்தக் கட்டாக்களை ஒகினாவாத் தீவிலிருந்து ஜப்பானின் தலைநகருக்குக் கொண்டு சென்றவர்களில் முதன்மையானவர் ஒரு பள்ளி ஆசிரியர். அவர் பெயர் ஃபுனாகோஷி கிச்சின்.

அவர் 1868இல் ஒகினாவாவின் ஷூரி நகரில் பிறந்தார். அத்தீவு அப்போது ரியூக்யூ என்னும் தனி அரசாக இருந்தது. அரசருக்கு ஓர் அரண்மனையும், மக்களுக்கு ஒரு தனி மொழியும் இருந்தன. 1879இல் ஜப்பான் அவ்வரசை நீக்கித் தீவைத் தன் மாவட்டங்களுள் ஒன்றாக்கியது. ஃபுனாகோஷி பிறக்கும்போதே நலிந்த உடலினர். நெடுநாள் வாழமாட்டார் என்று வீட்டார் அஞ்சினர். அவருடைய பள்ளித் தோழனின் தந்தையாகிய அசாட்டோ என்பவர் கராத்தேயில் வல்லவர். சிறுவன் அவரிடம் பழகச் சென்றான்.

அக்காலத்தில் ஒகினாவாவில் கராத்தேக்கென்று கூடம் ஏதுமில்லை. பல தலைமுறைகளாக மறைவில் பழகிய கலையாதலால், இரவில் வீட்டுத் தோட்டமே பயிற்சிக் களமாயிற்று. ஊர் உறங்கியபின் சிறுவன் கையில் விளக்கேந்தி, சில கல் தொலைவு நடந்து ஆசானின் வீட்டை அடைவான். விடியும் வேளையில் திரும்புவான். அண்டை வீட்டார் அவனுடைய இரவு நடையைப் பற்றிப் பலவாறு பேசினர். அவன் மறுமொழி கூறவில்லை, கூறவும் இயலாது.

அசாட்டோ திண்ணையில் நிமிர்ந்து அமர்ந்திருப்பார். அருகில் ஒரு மங்கிய விளக்கு எரியும். தோட்டத்தில் மாணவன் ஒரே கட்டாவைச் செய்துகொண்டிருப்பான். முடித்ததும் "மீண்டும்" என்பார் ஆசான். மீண்டும் முடித்ததும், "இன்னும் ஒரு முறை." நாள்கள் வாரங்களாகும், வாரங்கள் மாதங்களாகும். முந்தைய கட்டாவில் ஆசான் நிறைவு கொள்ளாதவரை அடுத்தது கிடைக்காது. நிறைவு கொண்டாலும் அவர் வாயிலிருந்து வருவது "நன்று" என்னும் ஒரே சொல்தான். 'நைஹாஞ்சி' எனப்படும் கட்டாக்கள் மூன்று. குதிரைமேல் அமர்ந்தாற்போலக் கால்களை அகட்டி நின்று, ஒரே கோட்டில் பக்கவாட்டில் மட்டும் நகரும் கட்டாக்கள் அவை. அம்மூன்றையும் கற்கப் பத்து ஆண்டுகள் ஆயின என்று ஃபுனாகோஷி குறிப்பிடுகிறார். பத்து ஆண்டு என்பது இன்றைய மாணவனுக்கு முதல் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்புவரை உள்ள காலம். ஒரு சிறுவனை அத்தனைக் காலம் அந்தத் தோட்டத்தில் நிறுத்தியது எது என்று ஆராய்ந்தால், பரிசு அன்று, பட்டை அன்று. அவையெல்லாம் அப்போது இல்லை. திண்ணையில் ஒருவர் உறங்காமல் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார் என்பதே போதுமானதாக இருந்திருக்க வேண்டும்.

பின்னர் அவர் தொடக்கப்பள்ளி ஆசிரியரானார். தொடக்கத்தில் மாத ஊதியம் 3 யென். பத்துப் பேர் கொண்ட குடும்பம். மனைவி துணி நெய்தும் காய்கறி பயிரிட்டும் குறையை நிரப்பினார். அந்த அம்மையார் கணவரின் பயிற்சியைப் பார்த்துப் பார்த்தே கட்டாக்களைக் கற்றுக்கொண்டார் என்பது ஃபுனாகோஷி முதுமையில் எழுதிய தன்வரலாற்றில் காணப்படும் செய்தி. பதவி உயர்வோடு தொலைவிடத்திற்கு மாறுதல் வந்தபோது ஃபுனாகோஷி அதை ஏற்கவில்லை. ஆசான்களாகிய அசாட்டோவையும் இட்டோசுவையும் பிரிய அவர் மனம் ஒப்பவில்லை. இட்டோசுவும் எளியவர் அல்லர். 1900களின் தொடக்கத்தில் கராத்தேயை மறைவிலிருந்து வெளிக்கொணர்ந்து, பள்ளிச் சிறுவர்களின் உடற்பயிற்சியாக்கியவர் அவரே. மேலே கூறிய 21 அசைவுக் கட்டாவும் அவ்வாறு சிறுவர்களுக்காக அவர் அமைத்த ஐந்தனுள் ஒன்று.

ஊரைவிட்டு அகல மறுத்த அதே மனிதர், முப்பதாண்டு ஆசிரியப்பணிக்குப் பின் 1922இல், ஐம்பது வயதைக் கடந்த நிலையில், டோக்கியோவுக்குக் கப்பலேறினார். கல்வித்துறை நடத்திய உடற்பயிற்சிக் கண்காட்சியில் ஒகினாவாவின் கலையை விளக்கிக் காட்டுவதற்காகச் சென்றார்; காட்டிவிட்டுத் திரும்புவதே எண்ணம். ஜூடோவைத் தோற்றுவித்தவரும் கல்வியாளருமான கானோ ஜிகோரோ, தம் கோடோகான் கூடத்திலும் அதைச் செய்து காட்டுமாறு அழைத்தார். பிறகு மற்றொருவர் அழைத்தார். பயணம் ஒரு வாரம் தள்ளிப்போயிற்று. பின் ஒரு மாதம். இறுதியில் ஃபுனாகோஷி அங்கேயே தங்கிவிட முடிவு செய்தார். ஊருக்கு எழுதியபோது மனைவி தடை சொல்லவில்லை. ஆனால் தாம் டோக்கியோவுக்கு வர அவர் இசையவில்லை. முன்னோரின் கல்லறைகள் ஒகினாவாவில் இருந்தன. அவற்றுக்குரிய வழிபாட்டை விட்டுவர அவரால் இயலாது. அன்று பிரிந்த இருவரும் ஏறத்தாழக் கால் நூற்றாண்டு வேறு வேறு கரைகளில் வாழ்ந்தனர்.

டோக்கியோவில் கல்வி பயின்ற ஒகினாவா மாணவர்களுக்கென்று ஒரு விடுதி இருந்தது. ஃபுனாகோஷிக்கு அங்கே ஒரு சிறு அறை கிடைத்தது. வாடகைக்குப் பணம் இல்லை. அதற்கு ஈடாக விடுதியைக் காவல் செய்தார், தோட்டத்தைப் பேணினார், அறைகளையும் முற்றத்தையும் பெருக்கினார். விடுதியின் விரிவுரைக் கூடம் காலியாக இருக்கும் வேளையில் அங்கே கராத்தே கற்பித்தார். சமையற்காரரையும் கராத்தே பழகச் செய்து, அதற்கு ஈடாக உணவுக் கட்டணத்தில் சிறிது குறைத்துக்கொண்டார். அப்படியும் போதாமல், பழைய தொப்பியையும் ஊரில் நெய்த கிமோனோ ஒன்றையும் அடகுக்கடைக்குக் கொண்டு சென்றார். கடைக்காரர் அவற்றின் மதிப்பைக் காட்டிலும் மிகுதியாகவே பணம் கொடுத்தார். அக்கடையின் எழுத்தருடைய தம்பி கராத்தே வகுப்பில் மாணவன் என்பது பின்னரே அவருக்குத் தெரியவந்தது.

ஒருநாள் அவர் விடுதியின் முன்புறத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தபோது செய்தியாளர் ஒருவர் வந்தார். துடைப்பமும் கையுமாக நின்ற முதியவரிடம், கராத்தே ஆசிரியர் ஃபுனாகோஷி எங்கே என்று வினவினார். சற்றுப் பொறுக்குமாறு பணிவுடன் கூறிவிட்டு முதியவர் உள்ளே சென்றார். முறையான கிமோனோ அணிந்து திரும்பி வந்து, தாமே ஃபுனாகோஷி என்று வணங்கி அறிமுகம் செய்துகொண்டார். செய்தியாளர் திகைத்துப் போனார். இந்நிகழ்ச்சியைப் பலர் பணிவுக்குச் சான்றாகச் சொல்லுவர். பணிவு மட்டுமன்று, அதில் ஒரு குறும்பும் இருக்கிறது. அத்துடன், பெருக்குவோருக்குரிய உடையில் ஆசிரியராகவோ ஆசிரியருக்குரிய உடையில் பெருக்குவோராகவோ நிற்காமல், ஒவ்வொரு வேலையையும் அதனதன் உடையில் செய்த ஒழுங்கும் இருக்கிறது.

1923 செப்டம்பர் 1 அன்று நிகழ்ந்த பெரு நிலநடுக்கம் டோக்கியோவைச் சிதைத்தது. மாணவர்களுள் சிலர் இறந்தனர், சிலர் காணாமற்போயினர். எஞ்சியவரோடு சேர்ந்து ஃபுனாகோஷி ஒரு வங்கிக்குப் படியெடுக்கும் வேலை செய்தார். விடுதி பழுதுபார்ப்புக்கு உள்ளானபோது, வாட்கலை ஆசான் ஒருவர் தம் டோஜோவைத் தந்து உதவினார். வாள் பழகுவோர் இல்லாத நேரத்தில் மட்டும் அங்கே கராத்தே பழகினர். பிறர் வீட்டில் விருந்தினராக இருப்போர் எவ்வாறு நடந்துகொள்வரோ அவ்வாறே, வந்தபோது இருந்ததைவிடத் தூய்மையாக அக்கூடத்தை விட்டுச் சென்றிருப்பர் என்று எண்ண இடமுண்டு.

தலைநகரில் கராத்தே பல மாற்றங்களை ஏற்றது. வெள்ளை உடையும், இடையில் கட்டும் பட்டையும், படிநிலைகளும் ஜூடோவிடமிருந்து வந்தவை. பெயர்களும் மாறின. ஒகினாவாவில் 'பின்னான்' என்று வழங்கிய கட்டாவை ஃபுனாகோஷி 'ஹேயான்' என்றார். எழுத்து அதுவே, ஒலிப்பு மட்டும் டோக்கியோவினர் நாவுக்கு ஏற்றது. 'நைஹாஞ்சி', 'டெக்கி' ஆயிற்று. 'கராத்தே' என்னும் சொல்லே மாறியது. அதன் முற்பகுதியாகிய 'கரா' என்பதை அதுவரை சீனத்தைக் குறிக்கும் எழுத்தால் எழுதிவந்தனர். 'சீனக் கை' என்பது பொருள். அதே ஒலியுடைய மற்றோர் எழுத்துக்கு 'வெறுமை' என்று பொருள். ஃபுனாகோஷி அதை ஏற்றார். கலை 'வெறுங்கை' ஆயிற்று. ஒகினாவாவில் இதற்கு எதிர்ப்பு எழுந்தது. முன்னோர் வைத்த பெயரை மாற்ற இவர் யார் என்று கேட்டனர். அக்கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஊரில் இருப்பவர்க்குப் பெயர் என்பது உடைமை. வெளியூரில் கற்பிப்பவர்க்கோ அது முதல் தடை. 1936 அக்டோபர் 25 அன்று நாஹா நகரில் கூடிய ஒகினாவா ஆசான்கள் புதிய எழுத்தையே ஏற்றனர். இன்று அந்நாளை அத்தீவு கராத்தே நாளாகக் கொண்டாடுகிறது.

உடையும் பெயரும் எழுத்தும் இவ்வளவு மாறியபோதும் ஃபுனாகோஷி விட்டுக்கொடுக்காதவை சிலவே. கராத்தே வணக்கத்தில் தொடங்கி வணக்கத்தில் முடியும் என்பதைத் தம் இருபது விதிகளுள் முதலாவதாக அவர் வைத்தார். முதலில் கை ஓங்குதல் கூடாது என்பது அடுத்தது. அசாட்டோவின் தோட்டத்தில் கேட்ட "மீண்டும்" என்னும் சொல்லையும் அவர் குறைத்துக்கொள்ளவில்லை. பல்கலைக்கழக மாணவர்கள் போட்டி வேண்டும் என்று துடித்தனர். அவரோ கட்டாவையே மீண்டும் மீண்டும் செய்யச் சொன்னார். இளைஞர்கள் சலித்துக்கொண்டனர் என்பதும் உண்மையே. அவர் காலத்திற்குப் பின் போட்டிகள் பெருகின. உலகெங்கும் இன்று பலர் கராத்தேயைப் போட்டியாகவே அறிவர்.

1930களின் இடையில், மாணவர்கள் திரட்டிய பொருளால் டோக்கியோவில் அவருக்கென்று ஒரு டோஜோ எழுந்தது. எழுபதை நெருங்கிய வயதில், பிறர் கூடத்தை இரவல் பெறாமல் கற்பிக்க அவருக்கு ஓர் இடம் கிடைத்தது. மாணவர்கள் அதற்கு 'ஷோட்டோகான்' என்று பெயரிட்டனர். 'ஷோட்டோ' என்பது ஃபுனாகோஷி தம் கவிதைகளுக்கு இட்டுக்கொண்ட புனைபெயர். பைன் மரங்களிடையே காற்று எழுப்பும் அலையோசை என்பது அதன் பொருள். ஷூரியின் மலைச்சரிவில் இளமையில் தனியே நடந்தபோது கேட்ட ஓசை அது. டோக்கியோ நகரின் நடுவே, அந்த ஊரைக் காணாத இளைஞர்கள், நாள்தோறும் அப்பெயர்ப்பலகையின் கீழே நின்று வணங்கிவிட்டு உள்ளே சென்றனர்.

1945இல் வான்வழிக் குண்டுவீச்சில் அக்கூடம் அழிந்தது. அதே ஆண்டு ஒகினாவாவில் நிகழ்ந்த போரில் ஷூரி அரண்மனையும் தரைமட்டமாயிற்று. போருக்குத் தப்பிக் கியூஷூ தீவை அடைந்த மனைவியோடு ஃபுனாகோஷி சில காலம் வாழ்ந்தார். 1947இல் அவர் மறைந்ததும் மீண்டும் டோக்கியோவுக்கு வந்தார். கூடம் இல்லை; மாணவர்கள் இருந்தனர். எண்பது வயதைக் கடந்தும் கற்பித்து, 1957இல் தம் 88ஆம் வயதில் காலமானார்.

அவருடைய இறுதிக்கால அன்றாடத்தை மாணவர் ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். முதியவர் அதிகாலையில் எழுவார். தலைமுடியை வாரிச் சீராக்கவே சில நாள்களில் ஒரு மணி நேரம் ஆகும். பின் அரண்மனை இருக்கும் திசை நோக்கி ஆழ்ந்து வணங்குவார். அடுத்து ஒகினாவா இருக்கும் திசைக்குத் திரும்பி, அதே அளவு குனிந்து மீண்டும் ஒரு முறை வணங்குவார். அதன் பிறகே காலைத் தேநீரைக் கையில் எடுப்பார்.